பாப்கார்ன்: மெஷின் வேண்டாம், மூடி போதும்

கே: சினிமா டிக்கெட்டைவிட இடைவேளை பாப்கார்ன் பர்ஸை அதிகம் பதம் பார்க்கிறது. வீட்டில் பொரிக்க எந்த மெஷின் வாங்கலாம்?

ப: எதுவும் வாங்க வேண்டாம். அடி கனமான பாத்திரமும் அதற்கொரு மூடியும் உள்ள வீட்டில் மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. உண்மையில் பெரும்பாலான வேலையைச் செய்வது சோள மணிதான். அது ஒரு குட்டி பிரஷர் குக்கர். உள்ளே மாவுச்சத்தும், எடையில் ஏறத்தாழ 14 சதவீதம் ஈரமும் இருக்கின்றன. சுற்றியிருக்கும் கெட்டித் தோல் ஆவியை விடுவதில்லை. சூடு ஏற ஏற ஈரம் ஆவியாகி உள்ளேயே முட்டுகிறது, மாவுச்சத்து கூழாகிறது. 180 டிகிரி செல்சியஸை ஒட்டி, உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 9 மடங்கு ஆகும்போது தோல் கிழிகிறது. கூழ் நுரையாகப் பொங்கி, அந்த நொடியே ஆறி இறுகிவிடுகிறது.

ஆக, வெளியிலிருந்து தேவைப்படுவது சீரான சூடு மட்டுமே. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சார்லஸ் கிரெட்டர்ஸ் நீராவியால் ஓடும் பாப்கார்ன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். காய்ந்த எண்ணெயில் மணிகளைச் சீராகக் கிளறிவிடுவதுதான் அதன் வேலை. ஐம்பது கிராம் சோளத்துக்கு அந்த வேலையைக் கையே செய்துவிடும்.

கே: குக்கரில் பொரித்தால் எத்தனை விசில்?

ப: ஒன்றுகூடக் கூடாது! வெயிட்டையும் கேஸ்கட்டையும் எடுத்துவிட்டு, மூடியைப் பூட்டாமல் மேலே சும்மா வைக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் பூட்டிய குக்கரைக் காயவைத்தால் கேஸ்கட் பாழாகும், ஆவித்துளையில் பொரி அடைத்துக்கொள்ளும். ஆவி போக வழியில்லாததால் பொரியும் மொறுமொறுப்பு இழந்து ஜவ்வாகும்.

3 லிட்டர் குக்கருக்கு 50 கிராம் சோளம், அதாவது கால் கப், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். இது ஏறத்தாழ 2 லிட்டர் பொரியாகும். மிதமான தீயில் எண்ணெயோடு மூன்று மணிகளை மட்டும் போட்டு மூட வேண்டும். அவை வெடித்ததும் மீதிச் சோளத்தைக் கொட்டி, அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் வைத்து, பிறகு மறுபடி ஏற்ற வேண்டும். பலரும் தாண்டிப்போகும் இந்த அரை நிமிடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. எல்லா மணிகளும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துசேர்வதால் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தடிக்காமல் சடசடவென்று சேர்ந்து பொரிகின்றன. முதலில் பொரிந்தது கருகுவதற்குள் கடைசி மணியும் மலர்ந்துவிடுகிறது.

பொரியும்போது மூடியில் நூலிழை இடைவெளி விட்டுப் பாத்திரத்தை அவ்வப்போது குலுக்க வேண்டும். வெடிச்சத்தங்களுக்கு நடுவே இரண்டு, மூன்று நொடி மௌனம் விழுந்தால் அடுப்பை அணைத்து உடனே அகலமான தட்டில் கொட்டிவிட வேண்டும். இண்டாலியம், இரும்பு எதுவானாலும் சரி. மெல்லிய எவர்சில்வர் பாத்திரம் மட்டும் அங்கங்கே காய்ந்து கருக்கிவிடும்.

கே: கடையில் தொங்கும் இன்ஸ்டன்ட் பாக்கெட் பத்து ரூபாய்தானே, அதைவிட மலிவு உண்டா?

ப: விலையோடு எடையையும் படிக்க வேண்டும். 30 கிராம் பாக்கெட் 10 ரூபாய் என்றால் கிலோ 333 ரூபாய் ஆகிறது. அந்த 30 கிராமும் சோளம் அல்ல. கொழுப்பும் உப்பும் மணப்பொருளும் அதில் சேர்ந்தவை. பொரிப்பதற்கென்றே விற்கும் உதிரிச் சோளம் இதைவிடக் கணிசமாக மலிவு. எப்போதோ ஒருநாள் பொரிக்கும் வீட்டுக்கு பாக்கெட் வசதிதான். வாரந்தோறும் பொரிக்கும் வீடு அரை கிலோ உதிரிச் சோளம் வாங்குவதே நியாயம்.

கே: மைக்ரோவேவ் இருக்கிறது. அதற்கென்று விற்கும் பைகளை வாங்கலாமா?

ப: அந்தப் பையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். அது உலோகப் பூச்சு. மைக்ரோவேவ் அலைகளை உறிஞ்சிச் சூடேறி மணிகளைச் சூடாக்குகிறது. விலையில் ஒரு பங்கு அதற்கும் பைக்கும் போகிறது. எண்ணெய் கசியாமலிருக்க இத்தகைய தாள்களில் பூசப்பட்டுவந்த பிஎஃப்ஏஎஸ் வகை வேதிப்பொருள்களின் விற்பனை அமெரிக்காவில் நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024இல் அறிவித்தது.

மைக்ரோவேவுக்கு உகந்த கண்ணாடிக் கிண்ணத்தில் கால் கப் சோளத்தைப் போட்டு, மேலே பீங்கான் தட்டால் மூடி வைத்தாலே பொரியும். சத்தம் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். கிண்ணம் கையைச் சுட்டுவிடும், துணி அவசியம். செய்தித்தாளில் மடித்து வைப்பது மட்டும் கூடவே கூடாது. அச்சு மை உணவில் ஏறும்.

கே: எண்ணெயே இல்லாமல் சூடான காற்றில் பொரிக்கும் மெஷின், கரண்ட் பில்லை ஏற்றிவிடுமா?

ப: 1,000 வாட் மெஷின் மூன்று நிமிடம் ஓடினால் 0.05 யூனிட். ஒரு யூனிட்டில் இருபது முறை பொரிக்கலாம். எனவே கணக்கில் மின்சாரத்தை விட்டுவிட்டு மெஷினின் விலையை மட்டும் பார்த்தால் போதும். எண்ணெயை மருத்துவர் குறைக்கச் சொன்ன வீடு, வாரம் இரண்டு மூன்று முறை பொரிக்கும் வீடு என்றால் அது தகும். மற்ற வீடுகளில் இரண்டே மாதத்தில் பரணுக்குப் போகும்.

இதைவிட மலிவான எண்ணெயில்லா வழி தெருவிலேயே இருக்கிறது. தள்ளுவண்டிக்காரர் இரும்புச் சட்டியில் மணலையோ உப்பையோ காயவைத்துப் பொரிக்கிறார். வீட்டில் பழைய இரும்பு வாணலியும் கால் கிலோ கல் உப்பும் போதும். உப்பு நன்றாகக் காய்ந்ததும் சோளத்தைப் போட்டு மூடிக் குலுக்கி, பொரிந்ததும் சல்லடையில் சலித்துவிடலாம். அதே உப்பு அடுத்த முறைக்கும் ஆகும்.

கே: ஏர் ஃப்ரையரில்?

ப: வேண்டாம். பொரி இறகுபோல லேசானது. விசிறிக் காற்று அதை மேலே தூக்கி, தகிக்கும் கம்பியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கே: வீட்டுப் பாப்கார்னில் அந்தத் தியேட்டர் ருசி வராததற்கு என்ன காரணம்?

ப: முக்கியமாக உப்பு. தூள் உப்பைக்கூட மிக்ஸியில் இன்னொரு சுற்று ஓட்டி மாவாக்கினால்தான் பொரியின் மடிப்புகளில் ஒட்டும். கல் உப்பு அடியில் தங்கிவிடும். அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெயின் மணம்தான் அமெரிக்கத் திரையரங்குகளின் அடையாளமாக இருந்தது. அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பின் அளவை 1994இல் அங்கே ஒரு நுகர்வோர் அமைப்பு வெளியிட்ட பிறகு பல அரங்குகள் எண்ணெயை மாற்றின. வீட்டில் 50 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் கடலை எண்ணெயே நன்றாக வரும். எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டால் நிறமும் கிடைக்கும்.

வெண்ணெயில் பொரிப்பது வீண். அதிலுள்ள பால் திடப்பொருள் 180 டிகிரிக்கு முன்பே கருகும். பொரிந்த பின் ஊற்றினாலோ அதிலிருக்கும் தண்ணீர் பொரியைச் சவசவக்க வைக்கும். நெய்க்கு இந்த இரண்டு குறையும் இல்லை.

கே: அடியில் எப்போதும் ஒரு கைப்பிடி பொரியாமல் முறைத்துக்கொண்டு நிற்கிறதே?

ப: அவை ஈரம் இழந்தவை, அல்லது தோலில் கீறல் விழுந்தவை. தோலின் செல்லுலோஸ் சூட்டில் எவ்வளவு நெருக்கமாகப் படிகம்போல அடுக்கப்படுகிறதோ அவ்வளவு நன்றாக ஈரம் தங்குகிறது என்று அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். கீறலுக்கு வைத்தியம் இல்லை. ஈரத்துக்கு உண்டு. அரை கிலோ சோளத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, இறுக மூடி நாளுக்கு இரண்டு முறை குலுக்கிவர வேண்டும். மூன்று, நான்கு நாளில் மணிகள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பாக்கெட்டைக் கிளிப் போட்டு வைக்காமல் காற்றுப் புகாத பாட்டிலில் வைப்பதே எந்த மெஷினையும்விடப் பெரிய சேமிப்பு.

கே: பெரம்பலூர் வயலில் மக்காச்சோளம் மலைபோல் விளைகிறதே, அதைக் காயவைத்துப் பொரிக்கலாமா?

ப: பொரியாது, வறுபட்டு வெடிப்பு விடும், அவ்வளவுதான். பெருமளவில் கோழித் தீவனத்துக்குப் போகும் அந்த ரகங்களில் மாவுப்பகுதி இளக்கமானது, தோல் அழுத்தத்தைத் தாங்காது. பொரிக்கும் சோளம் தனி ரகம்: சிறிய மணி, கண்ணாடிபோல் இறுகிய உட்பகுதி. வாங்கும்போது மணி பளபளவென்று, முழுதாக, தூசி இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கே: கேரமல் பாப்கார்னுக்கு வழி?

ப: கார்த்திகைப் பொரி உருண்டைக்குக் காய்ச்சும் அதே வெல்லப்பாகு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி எடுத்துத் தட்டும்போது ‘டங்’கென்று சத்தம் வரும் பதத்தில் பொரியைக் கொட்டிக் கிளறிப் பரப்பிவிட வேண்டும். பாகு இளசாக இருந்தால் பொரி நமுத்துவிடும்.

கே: கைக்குழந்தைக்கும் இரண்டு கொடுக்கலாமா?

ப: கூடாது. நான்கு வயது வரை பாப்கார்ன் கொடுக்க வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. பொரியும் பொரியாத மணியும் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியவை. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளும் உட்கார்ந்து, மென்று தின்ன வேண்டும். கிண்ணத்தில் போடுமுன் பொரியாத மணிகளைச் சலித்து எடுத்துவிட வேண்டும்.