சிங்க் அடைப்பில் கேமராச் சாட்சியம்: ஓர் ஆய்வு

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சிங்க் அடைத்துக்கொண்டால், எது அடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. யார் அடைத்தது என்பதுதான் கேள்வி. இத்துறை அறிஞர்கள் இரு அணியாக நிற்கின்றனர். தரைத்தளத்தார் கொள்கைப்படி, அழுக்கு யாவும் மேலிருந்தே வருகிறது. மாடித்தளத்தார் கொள்கைப்படி, அவரவர் சிங்க்கின் அடி வளைகுழாயான டிராப்பில் தேங்குவது அவரவர் வினை. அசோசியேஷன் கூட்டங்களில் இரு தரப்பும் குரலை உயர்த்தினவே ஒழிய, தரவு எதையும் முன்வைத்ததில்லை.

அக்குறையைப் போக்க வந்ததே போனில் செருகும் குழாய்க் கேமரா. 5.5 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமன், லென்ஸைச் சுற்றிக் குட்டி விளக்குகள், பின்னால் நீளமான ஒயர். இதற்கு மருத்துவத்தில் ஒரு மூதாதை உண்டு. 1868இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேர்க்குழாயை இறக்கி இரைப்பையைப் பார்த்தார். வித்தைக்காரர் கழுத்தை நிமிர்த்தி ஒத்துழைத்தார். சிங்க் ஒத்துழைக்காது. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் வாரிசு அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறது. நாற்றம் ஏறாமலிருக்க அவ்வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும். கேமரா முதலில் அதில்தான் முங்கும். திரையில் சாம்பார் நிறம் மட்டும் தெரியும். எனவே டிராப்பைக் கழற்றிவிட்டுச் செலுத்துவதே முறை. கழற்றும்போதே அடைப்பு வாளியில் விழுந்து, ஆய்வுக்கு ஆய்வுப்பொருளே இல்லாமல் போவதுமுண்டு. உண்மையான ஆய்வாளர் இதற்கெல்லாம் தளரமாட்டார்.

அடுத்த சிக்கல் தத்துவம் சார்ந்தது. ஒயர் முறுக முறுக, படமும் சுழலும். விலையுயர்ந்த தொழில்முறைக் கருவிகளில் படம் தானே நிமிர்ந்துகொள்ளும். ஆன்லைனில் மலிவாக வாங்கியதில் அது கிடையாது. ஆக, குற்றம் மேலா கீழா என்று தீர்க்கப் போன கருவிக்கே மேல் எது, கீழ் எது என்று தெரியாது.

தெரிகிற காட்சியோ, குழாய்ச் சுவரெங்கும் வெளிறிய படலம். வடைச்சட்டியிலிருந்து ஊற்றிய எண்ணெய், போர் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து சோப்புப் போல இறுகியது. லண்டன் வைட்சேப்பலில் 2017இல் இவ்வகைக் கொழுப்புப் பாறை சுமார் 130 டன் எடையில், 250 மீட்டர் நீளத்தில் கண்டெடுக்கப்பட்டது. எந்த வீட்டு எண்ணெய் என்று அங்கும் பிரிக்க முடியவில்லை. நம் அணிகளுக்கு அந்தத் தயக்கமில்லை. ஒரே படத்தைப் பார்த்து, தரைத்தளம் அதில் மூன்றாம் மாடிக்காரரின் தேங்காய்ப்பூவை அடையாளம் காண்கிறது. மூன்றாம் மாடி, தரைத்தளத்துக் காபித்தூளை.

பிளம்பர் படத்தைப் பார்ப்பதில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, ஓசையைக் கேட்டு, ஸ்பிரிங்கை விட்டுச் சுழற்றுகிறார். தண்ணீர் இறங்கிவிடுகிறது. அவர் முறையியலை எழுதி வைக்காததால் இங்கே விரிவாக ஆராய இயலவில்லை.

இதே கேமராவால் காதுக் குறும்பியையும் பார்க்கலாம் என்று சில வீடுகளில் கருதப்படுகிறது. ஆய்வை அத்திசையில் விரிவாக்குவதை இக்கட்டுரை வன்மையாக எதிர்க்கிறது; குறைந்தபட்சம், கேமராவைக் கழுவும் வரையிலாவது.