ஊர் உறங்கிய பிறகு

ஊரே உறங்கும்போது விழித்திருப்பது நம் மரபில் கௌரவமான வேலை. குறுந்தொகையின் 6-ஆம் பாடலில் பதுமனார் படைத்த தலைவி, உலகமே துயிலும் நள்ளிரவில் தான் ஒருத்தி மட்டும் தூங்காமல் தவிக்கிறாள். அண்ணனுக்குக் காவலாக வனவாசம் 14 ஆண்டும் இலக்குவன் கண் மூடவில்லை என்பார்கள். அவளுக்குக் காதல், அவனுக்குக் கடமை.

நமக்கு? இரவு ஒன்றரை மணிக்கு, முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ ஒரு நாட்டில் கார்ப்பெட் துவைப்பதைக் கண் இமைக்காமல் பார்க்கிறோம். நம் வீட்டுப் பாய் பொங்கலுக்குப் பிறகு தண்ணீரைப் பார்க்கவில்லை. கேட்டால், “பகலெல்லாம் ஆபீசுக்கு, இந்த நேரமாவது எனக்கு” என்று தத்துவம் வேறு.

உடலின் உள்கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான் நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்களுக்குப் போட்டியே மக்களின் தூக்கம்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். பரிசு கடிகாரத்துக்கு; வெற்றி யாருக்கு என்பதைக் காலை எட்டு மணிக்கு நம் கண்களே சொல்லிவிடும். பழ ஈகூட நேரத்துக்குத் தூங்கப் போகிறது. அதனிடம் செல்போன் இல்லை.

இதை நள்ளிரவுக்கு மேல் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படுங்கள். சிரிப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.