பொங்கலுக்குள்ள முடிச்சிரலாம்

‘பொங்கலுக்குள்ள முடிச்சிரலாம்’ என்று ஆடி மாதத்தில் ஒருவர் சொன்னால், எந்தப் பொங்கல் என்று கேட்பது மரியாதை இல்லை. வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கப் போகிறவர் அவர். அடித்து முடித்தவர்கள் ஒரு ஜாதி, அடித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு ஜாதி. இவர் அடிக்கப் போகிறவர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர், அதிலும் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவராக இருந்தால் விசேஷம். குரோம்பேட்டையோ ஸ்ரீரங்கமோ, சொந்த வீடும் ஓய்வூதியமும் ஒரே ஆளுக்கு வாய்த்த இடங்களில் எல்லாம் தெருவுக்கு ஒருவராவது தேறுவார்.

காலை ஏழு மணிக்குக் காப்பி டம்ளரோடு நடுத்தெருவில் நின்று தன் வீட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் வரும் தண்ணீர் கேன் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். இவர் நகர மாட்டார். சன்ஷேடுக்குக் கீழே கோணல்மாணலாக ஓடும் விரிசலைக் காட்டி, “வெறும் பூச்சுல விட்ட விரிசல்தாம்ப்பா, கட்டடத்துக்கு ஒண்ணும் இல்ல” என்று வண்டிக்காரருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் வழிவிடுவார்.

ஆளைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. பெயின்ட் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. அவருக்கு மாதம்தான் கூடிவர மாட்டேன் என்கிறது. தையில் ஆரம்பிக்கலாம் என்றால், மழை குடித்த சுவர் உள்ளே இன்னும் காயவில்லை. ஈரத்தின் மேல் அடித்தால் பெயின்ட் கொப்புளித்துக்கொண்டு வரும். மாசியும் பங்குனியும் உத்தமம். உத்தமம் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் அப்போது மேஸ்திரி கிடைக்க மாட்டார். சித்திரையில் கிடைப்பார், ஆனால் கத்திரி வெயிலில் சுவர் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கும். பிரஷ் திரும்பி வருவதற்குள் முதல் இழுப்பு உலர்ந்து திட்டுத் திட்டாகத் தெரியும். வைகாசியில் வரிசையாகக் கல்யாணம். ஆனியில் மனைவிக்கு முழங்கால். ஆடிக்காற்றில் தெருவில் உள்ள புழுதியெல்லாம் ஈரப் பெயின்டில் வந்து உட்காரும். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால மழையை நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக்கு எழுதி வைத்தது. மார்கழியில் பனி, விடிந்து ஒன்பது மணி வரை சுவர் வேர்த்துக்கொண்டிருக்கும்.

கொடுமை என்னவென்றால், இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

அவர் அப்பா காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. போகிக்கு நாலு நாள் முன்பு கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கிவந்து தொட்டியில் போட்டால் தானாகக் கொதிக்கும். ஆறியதும் வடிகட்டி, துளி நீலம் கலந்து, மட்டையால் அடித்தால் வீடு பளீரென்று ஆகிவிடும். அடியில் ஒரு காவிப்பட்டை. இருந்த கலர் இரண்டுதான், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இன்று கடையில் மெஷின் வைத்து ஆயிரத்துக்கு மேல் ஷேடு கலந்து தருகிறார்கள். ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவன் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதை இழக்கிறான். இதைத் தாங்கும் மனசு அவருக்கு இல்லை.

ஆகவே சாம்பிள். வாசல் பக்கச் சுவரில் ஆளுயரத்தில் ஆறு கட்டங்கள். சின்ன டப்பா வாங்கிவந்து தன் கையாலேயே அடித்தார். மூன்று கட்டம் அவருடைய தேர்வு. மூன்றும் மற்றவர் கண்ணுக்குப் பழைய பிஸ்கட் கலர்தான், வித்தியாசம் அவருக்கு மட்டும் தெரியும். ஒன்று மனைவி சொன்ன பிஸ்தா பச்சை. ஒன்று பெங்களூரிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சாம்பல் நிறம். “விளங்கற வீட்டுக்கு எவனாவது சாம்பல் பூசுவானா?” என்று மாமியார் கேட்டதில் அது அன்றைக்கே அடிபட்டுப்போனாலும் கட்டம் மட்டும் நிற்கிறது. ஆறாவது, வாஸ்துக்காரர் சொன்ன மஞ்சள். கட்டங்கள் வெயிலில் வெளுத்து, மழையில் நனைந்து, இப்போது முகவரி ஆகிவிட்டன. சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கு எதிர்வீட்டார் வழி சொல்வதே, “கட்டம் போட்ட வீட்டுக்கு எதிர்ல தம்பி” என்றுதான்.

காம்பவுண்டுச் சுவர் தனி அத்தியாயம். வெள்ளை அடித்த மறுநாளே கட்சிக்காரர்கள் தலைவர் பெயரைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். “1959-லயே சட்டம் இருக்கு. ஓனர் எழுதிக் கொடுக்காம சுவத்துல கை வைக்கக் கூடாது” என்று அவர் சொல்வார். சட்டம் இருப்பது உண்மைதான். ஆனாலும் சட்டத்தைவிடப் பாசியைத்தான் அவர் நம்புகிறார். பச்சைப் பாசி படிந்த சுவரில் எழுத எந்தக் கட்சியும் முன்வருவதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறையாவது மேஸ்திரி வருவார். நீண்ட நோட்டும் டேப்பும் வெளியே வரும். மொட்டைமாடி கைப்பிடிச் சுவர் உள்பட 2,400 சதுர அடி என்று அவரே அளந்து, ஜன்னல் கதவெல்லாம் கழித்து எழுதி வைத்திருக்கிறார்.

“மூணு பக்கெட் சொல்லிருங்க சார். இருபது லிட்டர்.”

“எதுக்கு மூணு? லிட்டருக்கு அம்பத்தஞ்சு சதுர அடி, ரெண்டு கோட்டு. நாப்பத்து நாலு லிட்டர் சரியா வருது. ரெண்டு பக்கெட், ஒரு நாலு லிட்டர் டப்பா.”

“அது கம்பெனி கணக்கு சார். உங்க சுவரு கணக்கெல்லாம் பார்க்காது, குடிக்கும்.”

“அதான் பிரைமர் அடிக்கிறோமே, குடிக்காம இருக்க.”

மேஸ்திரி தலையைச் சொறிவார். “ஜன்னலை ஏன் சார் கழிச்சீங்க? அதைச் சுத்தி ஓரம் பிடிக்கத்தான் நேரமே ஆவுது.”

இங்கே அரை மணி நேரம் போகும். பிறகு இவர் வரிசை சொல்வார்: முதலில் பழசைச் சுரண்டணும், தண்ணீர் பீய்ச்சிப் பாசியைக் கழுவணும், நன்றாகக் காயவிடணும், விரிசலைக் கீறி அடைக்கணும், தேவையான இடத்தில் மட்டும் பட்டி பார்க்கணும், பேப்பர் போட்டுத் தேய்த்துத் தூசி தட்டி, அப்புறம்தான் பிரைமர். முப்பது வருஷமாக அதே வேலையைச் செய்கிற மனுஷர் புதுசாகக் கேட்பதுபோல் ‘ஆமா சார், ஆமா சார்’ என்பார். சவுக்குக் கம்பில் சாரம் கட்டுவதா, கயிற்றில் தொங்குவதா, கரண்ட் வயர் பக்கம் என்ன செய்வது, பக்கத்து வீட்டு இரண்டடிச் சந்துக்குள் யார் போய்க் கேட்பது என்று பேச்சு நீளும். கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு, டப்பாவுக்குள் இருக்கும் டோக்கன் யாருக்கு என்ற கேள்வி வரும். மேஸ்திரி வானத்தைப் பார்ப்பார்.

“காலி பக்கெட் எல்லாம் எனக்கு வேணும், மாடியில கீரை போடணும்” என்று உள்ளேயிருந்து அம்மாள் குரல் கொடுப்பார். மூன்று வருஷமாக அந்தக் கீரையும் காத்திருக்கிறது.

அம்மாளுக்கு இன்னொரு கருத்தும் உண்டு. மொட்டைமாடியில் தண்ணீர் வடியும் குழாய் வாயில் மாவிலை அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் தேங்கி இறங்குவதால்தான் சுவரில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரிகிறது. முதலில் அதை எடுங்கள் என்பார். சரியான கருத்து. நோட்டில் அதற்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

இத்தனை ஞானமும் வீணாகிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தெருவில் யார் பெயின்ட் அடித்தாலும் அவரிடம்தான் வருவார்கள். கோடிவீட்டுக்காரருக்குப் பிரைமரை எழுதிக் கொடுத்தது அவர்தான். மாடிவீட்டுக்காரருக்கு அரைப் பக்கெட் மிச்சப்படுத்தியதும் அவர்தான். போன மாசியில் எதிர்வீட்டார், நோட்டைப் பார்த்து ஒன்றும் பேசாமல், அவர் முதலாவதாகக் குறித்து வைத்திருந்த ஷேடையே எடுத்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல” என்று அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எதிரெதிரே ஒரே கலர் வரக்கூடாது என்பதால் மறுபடி ஷேடு கார்டு பிரிக்கப்பட்டது.

அம்மாள் இதற்கு மேல் பொறுக்கவில்லை. எதிர்வீட்டில் சாரம் கட்டியிருந்த அதே மேஸ்திரியை வாசல் கேட் பக்கம் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மேஸ்திரி, இதை முடிச்ச கையோட இங்க ஆரம்பிச்சிருங்க. எந்தக் கலரா இருந்தாலும் சரி. அவர் வீட்ல இல்லாத நேரமா பார்த்து வாங்க.”

“அவர் எங்கம்மா வீட்ல இருக்காரு? காலையில இருந்து எங்க கூடத்தான் சாரத்துக்கு அடியில நிக்கிறாரு.”

சொல்லி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

“மேஸ்திரி! உங்க பையன் ரெண்டாவது கோட்டு ஆரம்பிச்சிட்டான். இன்னும் நாலு மணி நேரம் ஆகல!”