உயர்திரு விண்டோ மேனேஜர் அவர்களின் சமூகத்துக்கு

அனுப்புநர்:
இரண்டு கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றை மட்டுமே பார்க்க முடிகிற ஒரு மெய்ப்புத் திருத்துநர்

பெறுநர்:
உயர்திரு விண்டோ மேனேஜர் அவர்கள்,
டெஸ்க்டாப்

பொருள்: திரையில் ஜன்னல்களுக்கு இடம் ஒதுக்குதல் – வைத்த ஜன்னலை வைத்த இடத்தில் இருக்கவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. 1985 நவம்பர் 20 அன்று வெளியான விண்டோஸ் 1.0
2. 1987 டிசம்பரில் அதை ரத்து செய்த விண்டோஸ் 2.0
3. பின்னர் வந்த, ஒன்றையொன்று ரத்து செய்யும் ஏனைய ஆணைகள்

ஐயா,

தாங்கள் இரவு பகல் பாராமல் உழைப்பவர். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர்' என்று தங்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைக்கும்வரை ஸீட்டைவிட்டு எழுவதில்லை. விஸ்டா காலத்தில் பொறுப்புக்கு வந்தீர்கள். அப்போதெல்லாம் தங்களை வேண்டாம் என்று நிறுத்திவைக்க ஒரு வழி இருந்தது. விண்டோஸ் 8 வந்ததும் அதுவும் போயிற்று. இனி தங்களுக்கு ஓய்வு வயதே கிடையாது. வாழ்த்துகள்.

"ஜன்னலைத் திரையில் வரைந்து காட்டுவது மட்டும்தான் என் பிரிவு, எதை எங்கே வைப்பது என்பது வேறு பிரிவு" என்று தாங்கள் பதில் எழுதக்கூடும். விவரம் தெரிந்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் மனு வாங்கும் எந்த ஸீட்டிலும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான் என்பதால் தங்களிடமே கொடுத்துவிடுகிறேன். உரிய பிரிவுக்கு அனுப்பிவைக்கவும்.

என் தொழில் மெய்ப்புப் பார்ப்பது. இடது பக்கம் ஆசிரியர் எழுதிக் கொடுத்த கோப்பு, வலது பக்கம் லேஅவுட் முடிந்து வந்த பிடிஎஃப். கண் இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி என்று போய்வர வேண்டும். விடுபட்ட ஒற்று, இரண்டு முறை வந்த பத்தி, 'ள' இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் 'ல' எல்லாம் அப்போதுதான் அகப்படும். இதற்கு வேண்டியது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஜன்னல். இந்த இரண்டு ஜன்னலுக்கு இடம் ஒதுக்கத்தான் நாற்பது வருஷமாக ஆணைமேல் ஆணை வந்துகொண்டிருக்கிறது.

பார்வை 1-ஐ எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 1.0-இல் ஒரு ஜன்னல் இன்னொன்றின்மேல் ஏறவே முடியாது. புதிதாக ஒன்று வந்தால் இருப்பவை ஒடுங்கி இடம் விட வேண்டும். இன்றைக்கு நான் மனுப் போட்டுக் கேட்பது அன்றைக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வருஷமே ஆப்பிளின் மேக்கின்டாஷில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒய்யாரமாகக் கிடந்தன; நாகரிகம் என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது. இரண்டே வருஷத்தில் பார்வை 2: இனி ஜன்னல்கள் ஒன்றையொன்று மறைக்கலாம். 1988-இல் ஆப்பிள் வழக்குப் போட்டது. எங்களுடையது என்று அது உரிமை கோரிய பட்டியலில், ஜன்னல்மேல் ஜன்னல் கிடப்பதும் ஒன்று. கீழ்க்கோர்ட்டில் தோற்று, 1994-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஒரு கோப்பு இன்னொரு கோப்பை மறைக்கும் உரிமைக்காக ஆறு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார்கள்! அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய சலுகை என்பதால்தானோ என்னவோ, நான் வேண்டாம் என்றாலும் விடாமல் வழங்குகிறீர்கள்.

எது வசதி என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1986-இல் சாரா பிளை, ஜாரெட் ரோசன்பர்க் இருவரும் ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தார்கள். விஷயம் ஜன்னலுக்குள் ஒழுங்காக அடங்கும் வேலைக்குப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் வேகம். அடங்காத வேலையில், ஜன்னல்களை இழுத்துப் போட்டுப் பழகியவர்கள் முந்தினார்கள். ஆக, வேலைக்கு வேலை, ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் கட்டுரை தங்கள் அலமாரியில் எங்காவது இருக்கும். அடியில் தேடவும்.

விண்டோஸ் 95 காலத்தில் டாஸ்க்பாரை ரைட் கிளிக் செய்தால், திறந்திருக்கும் ஜன்னல்களை அடுக்கித் தர மெனுவில் ஒரு வரி இருந்தது. அழகில்லாத வேலைதான், பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் ஜன்னலுக்கும் சமபங்கு கொடுத்துவிடும். ஆனாலும் கேட்டால் செய்தது. 2009-இல் விண்டோஸ் 7 வந்தது. ஜன்னலை ஓரத்துக்கு இழுத்துப்போய் முட்டினால் பாதித் திரையில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் கீயோடு இடது அம்பு ஒரு தட்டு, இன்னொரு ஜன்னலில் வலது அம்பு ஒரு தட்டு, முடிந்தது. ஐயா, இந்த ஒன்றுக்காகத் தங்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். முகஸ்துதி இல்லை.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் 2012. விண்டோஸ் 8-இல் புதுப் பாணி ஆப்கள் முழுத் திரையையும் தங்கள் பேருக்கே எழுதிக்கொண்டன. பக்கத்தில் இன்னொன்று வேண்டுமென்றால் திரை குறைந்தது 1366 புள்ளி அகலம் இருக்க வேண்டும். அதில் பெரியவருக்கு 1024, நடுக்கோட்டுக்கு 22, சின்னவருக்கு 320. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். 320 புள்ளியில் 'ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தபோதிலும்' என்று ஒரு சொல் வந்து படுத்தால் பக்கத்தில் ஒரு காற்புள்ளிக்குக்கூட இடமில்லை. இந்தப் பாகப்பிரிவினையை எழுதியவர் தமிழில் ஒரு பத்தியாவது படித்திருந்தால் கை நடுங்கியிருக்கும். மறு வருஷம் 8.1-இல் கொஞ்சம் இளகினீர்கள், அதுவரை போகட்டும்.

அந்த 1366-க்கு 768 லேப்டாப்தான் இங்கே எத்தனையோ பேரின் முழுச் சொத்து. சரிபாதியாக வெட்டினால் ஆளுக்கு 683 புள்ளி அகலம். உயரத்தின் கதை இன்னும் பரிதாபம். மேலே தலைப்புப் பட்டை, அதன்கீழ் வேர்டின் ரிப்பன், அதன்கீழ் ரூலர், அடியில் ஸ்டேட்டஸ் பார், அதற்கும் அடியில் 40 புள்ளி உயரத்துக்கு டாஸ்க்பார். எல்லோரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருக்கும் பொந்தில்தான் ஆசிரியரின் நாவல் தெரிகிறது. தமிழ் எழுத்துக்கோ மேலே சுழி, கீழே வால். வரிக்கு வரி தாராளமாக இடம் விட்டாக வேண்டும். கதாநாயகி கதவைத் திறக்கிறாள். யார் வந்தது என்று தெரிய ஸ்க்ரோல் செய்ய வேண்டும்.

அகலம் தாராளம், உயரம் பஞ்சம் என்ற திரையில் டாஸ்க்பாரைத் தூக்கி ஓரத்தில் நிறுத்திவைத்துப் பிழைத்தவர்கள் உண்டு. விண்டோஸ் 95 முதல் அனுபவித்துவந்த உரிமை அது. 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது அதைப் பிடுங்கினீர்கள். டாஸ்க்பார் அடியில்தான் இருக்க வேண்டும் என்றாயிற்று, உயரமும் 48 புள்ளி. ரைட் கிளிக் மெனுவில் அடுக்கித் தரும் வரிகளையும் காணோம். 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' என்று ஒற்றை வரி நின்றது. பதிலுக்கு, பெரிதாக்கும் பட்டன்மேல் மவுஸ் நின்றால் லேஅவுட் புரோக்கர் நீட்டும் மனைப்பிரிவு வரைபடம்போல் ஒன்று விரிகிறது. மூன்று பத்தியாகப் பிரிக்கும் படம் அகலத் திரைக்காரருக்குத்தான் காட்டப்படும். இல்லாதவன் பார்த்து ஏங்கக் கூடாதே என்ற தங்கள் நல்ல மனசு தெரிகிறது.

ஆப்பிள் பக்கம் போய்விடலாமே என்று கேட்பார்கள். ஓரத்துக்கு இழுத்தால் ஒட்டிக்கொள்ளும் வசதி அங்கே வந்து சேர்ந்தது 2024-இல், சிக்கோயா பதிப்பில். விண்டோஸ் 7-க்குப் பதினைந்து வருஷம் கழித்து! நடுவில் அந்தச் சில்லறை வேலையைச் செய்துதர மேக்னெட் மாதிரி ஆப் விற்றவர்கள் பிழைத்தார்கள். லினக்ஸ் நண்பர்கள் வேறு ரகம். டிடபிள்யூஎம் 2006, எக்ஸ்மோனாட் 2007, ஐ3 2009 என்று அவர்களே ஆளுக்கொரு மேனேஜரை நியமித்துக்கொண்டார்கள். ஜன்னல் திறக்கும்போதே தன் பங்கில் போய் நின்றுகொள்ளும். மவுஸைத் தொடவே வேண்டாம். அடுக்குவதில் அவர்களை அடிக்க ஆளில்லை. என்ன, டிடபிள்யூஎம்மில் ஓரக்கோட்டின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் சி மொழியில் ஒரு வரியைத் திருத்தி மேனேஜரையே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அவர்கள் திரை பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். வேலை எப்போது செய்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

இதெல்லாம் பழைய கணக்கு. மனுவுக்கு உண்மையான காரணம் இனிமேல்தான். எந்தக் கம்பெனிப் பெட்டி என்பது வேண்டாம். எல்லா ஆட்சியிலும் நடப்பதுதான். லேப்டாப்போடு ஒரு பெரிய மானிட்டரை இணைத்து, கோப்பு இங்கே, பிடிஎஃப் அங்கே, அகராதி ஓரத்தில் என்று காலையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அடுக்குகிறேன். சாப்பிடப் போகிறேன். மானிட்டர் கண்ணயர்கிறது. மானிட்டர் செத்துவிட்டது என்று தாங்கள் முடிவு செய்து, அங்கிருந்த ஜன்னல்கள் அத்தனையையும் அள்ளி லேப்டாப்பின் மூலையில் குவித்துவிடுகிறீர்கள். நான் வந்து மவுஸை அசைத்ததும் மானிட்டர் எழுந்துகொள்கிறது. ஜன்னல்கள் திரும்பிப் போவதில்லை. காலி செய்யச் சொல்லும் ஆணை உடனே நடக்கிறது, மறுகுடியமர்த்தும் ஆணை நடப்பதில்லை.

குவிந்தாலாவது பொறுக்கலாம். சில நேரம் ஜன்னல் காணாமலே போகிறது. டாஸ்க்பாரில் பெயர் இருக்கிறது. மவுஸைக் கொண்டுபோனால் குட்டிப் படமும் தெரிகிறது. கிளிக் செய்தால் எங்கும் வருவதில்லை. கழற்றிய மானிட்டர் இருந்த திசையில், வெறும் காற்றில் அது நின்றுகொண்டிருக்கும். மீட்கும் மந்திரம் எங்கள் டிடிபி சென்டரில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆல்ட்டும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து ஒரு தட்டு, பிறகு 'எம்', பிறகு ஏதாவதொரு அம்புக்குறி ஒரே ஒரு தட்டு. அப்புறம் மவுஸை நகர்த்தினால் அதன் நுனியில் தொங்கிக்கொண்டு ஜன்னல் திரைக்குள் வந்து சேரும். 'எம்' அழுத்த மறந்தால் ஒன்றும் நடக்காது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது, அவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே.

விண்டோஸ் 11-இல், மானிட்டர் இணைப்புக்கு ஏற்ப ஜன்னல் இருந்த இடத்தை நினைவில் வைக்கலாமா என்று ஒரு டிக் பெட்டி வைத்திருக்கிறீர்கள். நான் போன மாதம் விலை விசாரித்த செருப்பு இன்றுவரை பக்கத்துக்குப் பக்கம் விளம்பரமாக வருகிறது. அந்த ஞாபகத்துக்கு யாரும் டிக் கேட்கவில்லை.

கூடவே ஒரு சிறு விண்ணப்பம். ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது இன்னொரு ப்ரோகிராம் முன்னால் வந்து விழக் கூடாது, டாஸ்க்பாரில் கண்சிமிட்டிக் காத்திருக்க வேண்டும் என்று விண்டோஸ் 98, 2000 காலத்திலேயே விதி போட்டாயிற்று. விதி இருக்கிறது. பாஸ்வேர்டின் பின்பாதி மட்டும் அவ்வப்போது யாரோ ஒருவரின் சாட்டில் போய் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே, சமூகம் அவர்கள் மேற்கண்டவற்றைப் பரிசீலித்து, புது வசதி எதையும் வழங்காமல், மானிட்டர் தூங்கி எழுந்தபின் ஜன்னல்களை முன்பிருந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மனு பரிசீலனையில் இருக்கும் காலத்தில் அப்டேட் எதுவும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
683 புள்ளி அகலத்தில் வசிப்பவர்

நகல்:
நோட்டிஃபிகேஷன் பிரிவு – தகவலுக்காக மட்டும். கிடைத்தது என்று திரையில் வந்து சொல்ல வேண்டாம்.