மூக்கிலுள்ள துளைகளை மூடுவது தொடர்பாக

அனுப்புநர்:
நாற்பத்து நான்கு வயது முகம் ஒன்று,
வேலூர்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
முகப்பூச்சு விளம்பர உலகம்,
எல்லாத் தொலைக்காட்சிகளிலும், எல்லாக் கைபேசிகளிலும்.

பொருள்: முகத்துத் துளைகள் இன்னும் மூடப்படாதது – விளக்கம் கோருதல்.
பார்வை: தங்கள் விளம்பரம், நாள்: தினமும்.

ஐயா,

வணக்கம். மூக்கிலுள்ள துளைகளை ஏழே நாளில் மூடித் தருவதாகத் தாங்கள் அறிவித்தபோது எனக்குத் திக்கென்றது. அன்றைக்கு என் மூக்கில் எனக்குத் தெரிந்த துளைகள் மூன்று. இரண்டு மூச்சுக்கு. ஒன்று மூக்குத்திக்கு, பத்தரிடம் காசு கொடுத்துப் போட்டது. இதில் எதை மூடப்போகிறீர்கள் என்று யோசித்துக்கொண்டே தங்கள் படத்தை உற்றுப் பார்த்தேன். ஊசிமுனை அளவில் இன்னும் நூற்றுக்கணக்கில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. தெரியாமலே இத்தனை வருஷம் அவற்றோடு குடித்தனம் செய்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளத்துக்கு, மனு மேல் மனு கொடுத்தும் ஒரு கூடை மண் விழவில்லை. கேட்காமலே என் முகத்துப் பள்ளத்தை மூட ஒருவர் வருகிறார் என்றால் நம்பாமல் என்ன செய்ய? வால்நட் ஓட்டுத் தூள் போட்டுத் தேய்த்தேன். மூக்கில் பட்டை ஒட்டி உரித்தேன். எரிய எரிய டோனர் தடவினேன். ஏழாம் நாள் என் முகம் தோலுரித்த தக்காளி. துளைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

தோல் டாக்டரிடம் போனேன். “அது மயிர்க்காலோட வாய்ம்மா. உள்ளே எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. சுரக்கிறது அது வழியாத்தான் வெளியே வரணும். திறந்து மூட அதென்ன கதவா? அதுக்கான தசையே அங்கே கிடையாது” என்றார். அளவு பெரும்பாலும் பரம்பரை. எண்ணெய் கூடினாலோ வயதாகித் தோல் தளர்ந்தாலோ கொஞ்சம் பெரிதாகத் தெரியும். நான் பட்டை ஒட்டிப் பிடுங்கிய மூக்குநுனிப் புள்ளிகளும் பெரும்பாலும் அழுக்கில்லையாம், துளைக்குள் எப்போதும் இருக்கிற எண்ணெய்த் திரிகளாம். பிடுங்கினால் ஒரு மாதத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக, தாங்கள் மூடித் தருவதாகச் சொன்னது என் முகத்தின் வடிகாலை. எங்கள் தெருச் சாக்கடைக்காரர்கள்கூட அந்த அளவுக்குப் போனதில்லை.

1975-இல் சந்தைக்கு வந்த சிவப்பழகு க்ரீம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’, தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை 2020-இல்தான் கழற்றியது. நிறத்தைக் குறை சொல்வது மரியாதையில்லை என்று ஊர் பேசத் தொடங்கியதும், தாங்கள் மேற்பரப்பில் கை வைத்தீர்கள். கறுப்பு போய், சொரசொரப்பு வந்தது. கொரியாவிலிருந்து கண்ணாடிச் சருமம் வேறு இறக்குமதி. சித்திரை மாதம் வேலூருக்கு வந்து பாருங்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை முகமும் கண்ணாடிதான்.

சங்கப் புலவர்களுக்குத் தங்களிடம் வேலை கிடைத்திருக்காது. பெண்ணின் மேனியில் படர்ந்த புள்ளிகளுக்குச் சுணங்கு என்று பெயர் வைத்து, வேங்கைப் பூவோடு ஒப்பிட்டு மயங்கியவர்கள் அவர்கள். தங்கள் அகராதியில் அது ‘அன்ஈவன் டோன்’.

தங்கள் படத்தைப் போலவே முகம் வேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த டியூப் வாங்கிப் பூசுகிறவர்கள் உண்டு. முதலில் முகம் மொழுமொழுவென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, விட்டால் எரியும், விடாவிட்டால் கெடும். அதை நான் பகடி செய்யப்போவதில்லை.

நார்வேயில் 2022 ஜூலை முதல், விளம்பரப் படத்தில் ஒருவரின் உடலையோ தோலையோ திருத்தியிருந்தால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். இங்கே அப்படி வந்தால், தங்கள் படத்தில் முகத்துக்கு இடமிருக்காது என்பது என் கவலை.

என் நிலவரம்: மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். பருவுக்கு டாக்டர் எழுதிய அடாபலீன். பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம் என்றார், ஏழு நாள் என்று சொல்லவில்லை. மேல்கையில் உள்ள பொரிகளுக்கு யூரியா க்ரீம். அவை போகவில்லை, தடவினால் கொஞ்சம் மிருதுவாக இருக்கின்றன. எனக்கு அது போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். தங்கள் விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணின் மூக்கை, திருத்தாமல், ஒரு விநாடி அருகில் காட்டுங்கள். அவளும் சுவாசிக்கிறவள், வியர்க்கிறவள்தானே.

இப்படிக்கு,
மூடப்படாத முகம்.

பி.கு.: க்ரீம் செலவுக்காக மூக்குத்தியை அடகு வைத்திருந்தேன். ஐந்து மாதம் கழித்து மீட்டு வந்தபோது, பத்தர் போட்ட துளை தானாகவே தூர்ந்து போயிருந்தது. என் மூக்கில் இதுவரை மூடியது அது ஒன்றுதான்.