மன்மதனும் குடியுரிமையும்

பொருளாதார நெருக்கடியிலும் சேர்ந்து சிரிப்பது எப்படி என்பதை 2022இல்தான் கொழும்பு கண்டுபிடித்தது. பதுளைத் தேயிலைத் தோட்டங்களைக் கேட்டிருக்கலாம். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன 1948இலேயே அங்கே பயிற்சி ஆரம்பம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆட்களை இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்து, ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாமென்று மீதம் வைத்தார்கள். மீதமானவர்களும் மாசி பிறந்தால் மன்மதன் எரிந்து எழும் காமன் கூத்து ஆடினார்கள். வரிசை வீடுகளான லயத்தில் சாவு விழுந்தால் பக்கத்துக் காம்பராவில் சாவு வீட்டுக்கும் சேர்த்து உலை ஏறியது.

கூத்து வறுமையை மறைக்கும் திரை என்பார்கள். வறுமை ஒழிந்த பிறகுதான் ஆடலாமென்றால், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை காத்திருந்தவர்களுக்குத் தப்படிக்கவே மறந்திருக்கும். அவர்களின் ஒற்றுமையை மேடையில் புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தை ஒத்திப்போடும் தலைவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம். கூத்தில் எரிந்த மன்மதன் சில நாளில் எழுந்துவிடுகிறான்; குடியுரிமைக் கணக்குத் தீர 2003 ஆனது.