நடுவுல நிக்கிற சைபர்

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி மச்சியில ஒரே கூச்சல். எம் பேரனும் அவன் கூட்டாளியும். சொத்துத் தகராறு வார வயசு இல்லே, பொம்பளப்புள்ள விவகாரமோன்னு முட்டியப் பிடிச்சுக்கிட்டு ஏறிப் போனேன். ரெண்டும் இல்லே. ஸ்காட்லாந்துக்காரனுவ ரெண்டு பேர் போட்ட ஒரு இசைத்தட்டுக்குள்ள இருக்கது சாத்தானா, கணக்கான்னு வழக்கு.

ஏ பயலுகளா, வயக்காட்டு வரப்புக்கு நடந்த பஞ்சாயத்த எல்லாம் பாத்தவன் நான். இந்த வழக்கையும் கேப்போம்னு உக்காந்தேன்.

பாட்டுக்காரனுவ பேரு போர்ட்ஸ் ஆஃப் கனடா. ஊரு கனடாவான்னா, அதுவுந்தான் இல்லே. கனடா சினிமா வாரியம் எடுத்த பழைய படங்கள்ல சொக்கிப் போயி வச்ச பேராம். பழைய சிந்தசைசர், வெயில்ல கெடந்த டேப் மாதிரி இழுத்து இழுத்து ஆடுத சத்தம், எங்கயோ சின்னப்புள்ளைக சிரிக்கிற குரல். 2002 பிப்ரவரியில 'ஜியோகாடி'ன்னு ஒரு தட்டு விட்டானுவ. 23 உருப்படி. ஒண்ணுக்கு 'இசைன்னா கணக்கு'ன்னு அர்த்தம் வார பேரு. இன்னொண்ணுக்கு, பேய் நுணுக்கத்துல ஒளிஞ்சிருக்குங்கிற அர்த்தத்துல பேரு. ஒரே வீட்டுல ரெண்டு கட்சிக் கொடியும் நட்டுட்டுப் போயிட்டானுவ. அப்புறம் ரசிகன் அடிச்சுக்காம என்ன செய்வான்?

கூட்டாளி பேய்க் கட்சி. "தாத்தா, தட்டு மொத்தம் எத்தன நேரம் தெரியுமா? 66 நிமிசம் 6 விநாடி. 666! வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரம்!" பய கண்ணு ரெண்டும் பளபளங்குது.

"சரிலே, 66:06-ன்னு எழுதினா 66-க்கும் 6-க்கும் நடுவுல ஒரு சைபர் நிக்கே, அது யாரு?"ன்னேன்.

"அத விட்ருங்க தாத்தா."

பாத்துக்கிடுங்க, இதுதான் முதல் பாடம். மறைபொருள் தேடப் போறவன் வேண்டாத சைபரக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிடணும்.

இன்னும் இருக்கு. தட்டுல கடைசி உருப்படி ஒரு நிமிசம் 46 விநாடி, முழுக்க முழுக்க வெறும் மௌனம். அந்த 106 விநாடியக் கழிச்சா பாட்டு 64 நிமிசம் 20 விநாடியில முடிஞ்சு போகுது. வெத்து நேரத்த வச்சு ஒட்டுப் போட்டுத்தான் பேய்க்கு நீளம் காட்டிருக்கானுவ. அப்பிடிச் செய்யுங்கன்னு யோசனை சொன்னதே தட்டு விக்கிற வார்ப் கம்பெனிக்காரரு ஸ்டீவ் பெக்கெட். சாத்தானே போட்ட தட்டுன்னு ஊரு பேசட்டும்னு ஒரு வேடிக்கை. தட்டு கடைக்கு வாரதுக்கு முன்னால லண்டன், எடின்பரோ, பாரிஸ், பெர்லின், நியூயார்க், டோக்கியோன்னு ஆறு ஊர்ல, ஆறு சர்ச்சுக்குள்ள போட்டுக் காட்டினானுவ. பேயக் கோயில்ல குடிவச்ச சாமர்த்தியத்தப் பாருங்க. நானும் கருப்பட்டி வித்தவன்தான். எனக்கு இது தோணலையே!

பேரன் கணக்குக் கட்சி. "தாத்தா, அவன் சொல்லுதது மூடநம்பிக்கை. இதுல தங்க விகிதம் இருக்கு"ன்னான். தட்டுல ஒரு உருப்படிக்கு, 'ஏ' பிக்கு எப்பிடியோ 'பி' சிக்கு அப்பிடின்னு பேரு வச்சிருக்கு. அது நெசந்தான். 100 முழக் கயித்த 62, 38-ன்னு வெட்டினா முழுசுக்கும் பெருசுக்கும் உள்ள பொருத்தம், பெருசுக்கும் சிறுசுக்கும் உள்ள பொருத்தத்தோட ஏறக்குறைய ஒத்துப் போகும். அதுக்குப் பேருதான் தங்க விகிதம். ஆனா ஏ, பி, சி பொருத்தம் 2, 4, 8-க்கும் உண்டுலே. பொருத்தம் வந்த எடமெல்லாம் தங்கமாயிருமா?

அவன் விடல. 66 நிமிசம் 6 விநாடின்னா 3,966 விநாடி. அதுல தங்க விகிதத்துல வெட்டினா 2,451-ஆவது விநாடி. "அங்க என்ன வருதுன்னு கேட்டுப் பாருங்க!"ன்னான். ஏலே, அங்க என்னதான் வந்தாலும் உனக்கு அது அதிசயமாத்தான் கேக்கும். மொதல்லயே மாலையும் கையுமா நிக்கிறவனுக்கு வாரவன் எல்லாம் மாப்பிள்ளதான்.

ஆனாலும் ஒரு கணக்கு எனக்கே பிடிச்சுப் போச்சு. தட்டுல ஒரு உருப்படிக்குப் பேரு 'ஆகச் சின்ன வினோத எண்'. அது 70. 70-ஐ மீதியில்லாம வகுக்கிற சின்ன எண்ணுகள எழுதுங்க: 1, 2, 5, 7, 10, 14, 35. கூட்டினா 74. ஒரு வீட்டுல ஏழு பேரு, மடியில மொத்தம் 74 ரூவா, கட்ட வேண்டிய கடன் 70. காசு மிஞ்சித்தான் கெடக்கு. ஆனா யாரு குடுத்து யாரு ஒதுங்கினாலும் சரியா 70 சேராது, ஏன்னா 4 ரூவாய வச்சுக்கிட்டு ஒதுங்க அந்த வீட்டுல ஆள் கெடையாது. 12-ஐ எடுத்தா 1, 2, 3, 4, 6, மொத்தம் 16. நாலு வச்சிருக்கவன் ஒதுங்கினா கணக்கு நேராயிரும். இருந்தும் குடுக்க முடியாம முழிக்கிற எண்ணுல ஆகச் சின்னது 70. அந்தப் பாட்டுக்காரனுவ ரெண்டு பேரும் தங்களோட சொந்தக் கம்பெனிக்கு வச்ச பேரு மியூசிக்70. இது ஒளிச்சு வச்சதில்லே, வாசல்லயே எழுதிப் போட்டது. வாசல்ல எழுதினத எவன் படிக்கான்?

இதவிடக் கூத்து ஒண்ணு உண்டு. பாட்டுக்காரனுவள்ல ஒருத்தரு மைக்கேல் சாண்டிசன், இன்னொருத்தரு மார்கஸ் இயோன். பாட்டத் திருப்பிப் போட்டுக் கேட்டு, விநாடிய அளந்து, அர்த்தம் எழுதி ஓஞ்ச ரசிகருகிட்ட 2005-ல அவுகளே வாயத் தொறந்து சொன்னாக, நாங்க கூடப்பிறந்த அண்ணன் தம்பின்னு. ஆர்பிட்டல்னு இன்னொரு அண்ணன் தம்பி ஜோடியோட சேத்துப் பேசிருவாகன்னு ஒருத்தரு குடும்பப் பேர விட்டுருந்தாராம். பேயோட பல்லு எத்தனன்னு எண்ணினவுக, இந்த ரெண்டு பயலுக்கும் அப்பா யாருன்னு கேக்காம விட்டுட்டாக!

2013-ல இன்னொரு திருவிளையாடல். ஆறு ஆறா எண்ணு, மொத்தம் 36 எண்ணு. ஒண்ணு நியூயார்க் கடையில ஒரு தட்டுக்குள்ள, மத்தது மத்த எடத்துலன்னு ஒளிச்சு வச்சானுவ. ரசிகருக தூக்கமில்லாமத் தேடிக் கோத்துப் பூட்டத் தொறந்தா, உள்ள பரலோகமா இருந்துச்சு? 'டுமாரோஸ் ஹார்வெஸ்ட்'னு அடுத்த தட்டு வருதுங்கிற விளம்பரம்.

சிரிச்சுக்கிட்டே வந்த நான் ஒரு எடத்துல நின்னுட்டேன். 2000-த்துல அவுக போட்ட ஒரு சின்னத் தட்டுல, ஒரு உருப்படிக்கு அமோ பிஷப் ரோடன்னு பிராஞ்ச் டேவிடியன் சபைப் பொம்பள பேரு. ஜியோகாடியிலயும் 1969-ங்கிற பாட்டுல அந்தச் சபைத் தலைவர் டேவிட் கொரேஷ் பேரு குழைஞ்சு கேக்கும். வெளிப்படுத்தின விசேஷத்துல வார ஏழு முத்திரைக்கு அர்த்தம் தனக்குத்தான் தெரியும்னு உக்காந்த மனுசன் அவரு. 1993-ல டெக்சஸ் வேக்கோ பக்கத்துல அந்தச் சபைக்காரக இருந்த எடத்த அரசாங்கம் 51 நாள் வளைச்சு நின்னுச்சு. ஏப்ரல் 19-ல தீப்பிடிச்சு 70 பேருக்கு மேல செத்தாக. சின்னப்புள்ளைகளும் அதுல உண்டு. முத்திரைக்கு அர்த்தம் சொல்லப் போன கூட்டம் கருகின கதையப் பாட்டாக்கி வச்சா, நீங்க அந்தப் பாட்டுக்கே முத்திரை குத்தி அர்த்தம் தேடுதீக. இத மட்டும் கொஞ்சம் யோசிங்கலே.

ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப்போட்டானுவ. பாவமாப் போச்சு. "சரி, ஹெட்போனக் குடு"ன்னு வாங்கி மாட்டினேன். நல்லாத்தான்லே இருந்துச்சு. எங்கம்மா மடியில படுத்துக்கிட்டுத் தூரத்து ரயிலக் கேட்ட மாதிரி. கடைசியில சத்தமே நின்னு போச்சு. காது அவுஞ்சுட்டோன்னு பயந்து சுவரத் தட்டிப் பாத்தேன். அப்புறந்தான் புரிஞ்சுச்சு, அந்த 106 விநாடி. ஹெட்போனுக்கு வெளிய சில்வண்டு கத்துது, கெழக்கே மாடு அசை போடுது. இத்தன நாளும் அதுக எங்க இருந்துச்சு?

எறங்கையில எனக்கும் நாக்கு சும்மா இருக்கல. "ஏலே, 106-ல ஒண்ணையும் ஆறையும் கூட்டுங்க. ஏழு வருதா? நடுவுல நிக்கிற அந்த சைபரப் பக்கத்துல வையுங்க"ன்னேன்.

மச்சியில ஒரு நொடி மூச்சுச் சத்தம்கூட இல்லே. அப்புறம் ரெண்டு தொண்டையும் ஒண்ணா, "எழுபது!"

விடிய விடிய லைட்டு எரிஞ்சுச்சு. படியில வச்சு நான் கட்டின கதை அது. ஆனா ஒண்ணு, பொழுது விடியையில எனக்கே லேசாச் சந்தேகம், ஒருவேள நெசந்தானோன்னு.